மூச்சுக்கு வழிகாட்டும் கருவி

கல்வராயன் மலைச் சிற்றூர்களில் தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ஆயினும் சில மணி நேரத்தில் இமைகள் தொங்கும். பின்னர் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். நஞ்சுமுறி மருந்தை ஏற்றினாலும் அத்தசைகள் உடனே மீள்வதில்லை. மீளும்வரை இயந்திரமே அவருக்காக மூச்சுவிட வேண்டும். அதற்கு மூச்சுக்குழலுள் ஒரு குழாயைச் செலுத்துதல் வேண்டும்.

இதில் இடர்ப்பாடு யாது? நாவின் அடிக்கு அப்பால் முன்புறம் மூச்சுக்குழலும் பின்புறம் உணவுக்குழலும் அடுத்தடுத்து உள்ளன. குழாய் வழி தவறியதை உடனே உணர்ந்து திருத்தாவிடில், சில நிமிடங்களில் மூளை கெடும். ஆகவே நாவை விலக்கி வழி காட்ட, விளக்குப் பொருத்திய தகடு ஒன்று தேவை. அதுவே லாரிங்கோஸ்கோப் எனப்படும் குரல்வளைநோக்கி.

1941இல் அமெரிக்க மருத்துவர் மில்லர் நேரான தகடு ஒன்றை வெளியிட்டார். அது குரல்வளை மூடியையே தூக்குவது. 1943இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் மக்கின்டாஷ் வளைந்த தகட்டை வகுத்தார். அதன் நுனி மூடிக்கு முன்னுள்ள பள்ளத்தில் ஊன்றி, மூடியை மறைமுகமாக உயர்த்தும். இரண்டிலும் மருத்துவர் குரல்வளையைத் தம் கண்ணால் நேரே காண வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தகட்டில் சிறு கேமராவைப் பொருத்தினர்; கண் எட்டாத வளைவும் திரையில் தெரிந்தது.

தெரிந்தால் போதுமா? காட்சி தெளிவாக இருந்தும் குழாய் வளைந்து செல்ல மறுப்பதுண்டு. இரத்தமும் சளியும் கேமராவை மறைப்பதும் உண்டு. ஆகவே காட்சியின் அழகை அன்று, முதல் முயற்சியிலேயே குழாய் சேர்ந்ததா என்பதையே சோதனையில் எண்ண வேண்டும். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 1,417 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினர். முதல் முயற்சி வெற்றி, கேமராக் கருவியில் நூற்றுக்கு 85. பழைய கருவியில் 71. குழாய் செலுத்தியவருள் பெரும்பாலோர் பயிற்சி மருத்துவர்கள் என்பது கருதத்தக்கது.

ஒரு பாடநூலின் தரத்தை முதல் மாணவனைக் கொண்டு ஆசிரியர்கள் அளப்பதில்லை. கருவிக்கும் அதுவே நியாயம். வெள்ளிமலையிலிருந்து நள்ளிரவில் கள்ளக்குறிச்சிக்கு இறக்கி வரப்படும் ஒருவருக்குக் குழாய் செலுத்துபவர் இளம் மருத்துவராகவும் இருக்கலாம். அவர் கைக்கும் எளிதில் வழிகாட்டுவதே நல்ல கருவி.

நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குக, பாம்பு தீண்டினால், வலியில்லை என்று வாளாவிராது மருத்துவமனைக்கு விரைக.