உங்களுக்குத் தெரியுமா? – பனி குறைந்த குல்மார்க்

மூன்று நாள் விடுமுறை. பனிச்சறுக்குக்காக முதன்முறையாகக் காஷ்மீரின் குல்மார்க் போகிறீர்கள். அந்த வருஷம் பார்த்துப் பனி குறைவு. பெட்டி கட்டும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

● ஒரே மாதத்தில் மாறும்! 2024 ஜனவரித் தொடக்கத்தில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் வறண்டு கிடந்தது. மாதக் கடைசியில் பனி கொட்டியது. பிப்ரவரி 21-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கேயே தொடங்கின. 2025-லோ, பனி போதாமல் அதே போட்டி பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

● எங்கிருந்து வருகிறது? காஷ்மீரின் குளிர்காலப் பனியைப் பருவமழைக் காற்று கொண்டுவருவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் 'மேற்கத்திய இடையூறுகள்'தான் கொண்டுவருகின்றன. அவை பலவீனமாகவோ வடக்கே விலகியோ போனால் மலை வெறிச்சோடும். பயணத் தேதிக்கு முன் வானிலை அறிக்கையில் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

● 40 நாள் கடுங்குளிர்: டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான காலத்தைக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்பார்கள். அப்போது விழும் பனி உறைந்து நெடுநாள் நிற்கும். பின்னால் வரும் பனி சீக்கிரம் உருகிவிடும்.

● கீழே புல், மேலே பனி: குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக, கொங்டூரி வழியே, அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை ஏறும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். அதனால் கீழே மழை பெய்யும் வேளையில் மேலே பனி விழலாம்.

● யாருக்கு நஷ்டம்? புதிதாகக் கற்பவர்களுக்குத்தான்! அவர்கள் பழகும் மென்சரிவுகள் கீழ்ப் புல்வெளியில் இருக்கின்றன; பனி முதலில் குறைவதும் அங்கேதான். மேலே பனி இருக்கிறதே என்று அபர்வத் ஏறிவிடாதீர்கள். அந்தச் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை.

● மறைந்திருக்கும் கல்: பனிப்படலம் மெலிந்தால் பாறையும் வேரும் ஓரடிக்குள்ளேயே இருக்கும். சறுக்குப் பலகையின் அடிப்பாகம் கிழியும், முழங்காலும் தப்பாது. வாடகைப் பலகையை வாங்கும்போதே அடிப்பக்கத்தைப் பார்த்து, பழைய கீறல்களைக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

● பனி குறைவு, ஆபத்து அதிகம்: மெலிந்த பனிக்குக் கீழே தரை வெதுவெதுப்பாகவும் மேலே காற்று கடுங்குளிராகவும் இருந்தால், அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரல்களாக மாறிவிடும். அதன்மேல் கனத்த பனி விழுந்தால் மொத்தமும் சரியும். வறண்ட ஜனவரிக்குப் பின், 2024 பிப்ரவரி 22-ல் குல்மார்க்கில் நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்யச் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். வறட்சி முடிந்து கொட்டும் முதல் பெரும்பனியைக் கண்டு ஓடிப்போய்ச் சறுக்காதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ‘போக வேண்டாம்’ என்று சொன்னால், போக வேண்டாம்தான்.

● ராணுவம் சுமந்த பனி: 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனி இல்லாமல் ஆஸ்திரிய ராணுவம் மலையுச்சியிலிருந்து பனியையும் பனிக்கட்டிகளையும் சுமந்து வந்து தடங்களை அமைத்தது. 2022 பெய்ஜிங் போட்டிகள் ஏறக்குறைய முழுக்கச் செயற்கைப் பனியில் நடந்தன. ஆனால் பனி இயந்திரத்துக்கும் உறைநிலைக் குளிரும் ஏராளமான தண்ணீரும் வேண்டும்.

● முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை: இது உலகெங்கும் சறுக்குத் தடங்களில் உள்ள விதி. பின்னால் வருபவர்தான் ஒதுங்க வேண்டும். பனி குறைந்தால் எல்லாரும் ஒரே குறுகிய தடத்தில் நெருக்குவார்கள். அப்போது இந்த விதி கட்டாயம் நினைவில் இருக்கட்டும்.

● பனி என்பது தண்ணீர்: மலையில் தேங்கும் பனிதான் வசந்தத்தில் உருகி ஓடைகளை நிரப்புகிறது, ஜீலம் நதிக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்கிறது. சறுக்க முடியாத நாளில் அறைக்குள் முடங்காமல், உள்ளூர்க்காரர் ஒருவருடன் காங்கிரிக் கணப்பருகே உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கோடையில் ஊற்றில் தண்ணீர் இருக்குமா என்பதுதான் அவர் கவலையாக இருக்கும்.