நாய்க்குக் கண் சிவந்தால் உஷார்!
மிச்சம் இருக்கும் சொட்டு மருந்தை விட்டால் பார்வையே போகும்

காலையில் எழுந்து பார்த்தால் வீட்டு நாய்க்கு ஒரு கண் செக்கச் சிவந்து கிடக்கிறது. பீளை தள்ளுகிறது. கண்ணைத் திறக்காமல் முன்னங்காலால் தேய்க்கிறது.

பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் பாதி இருக்கிறது. “மனுஷனுக்கே விட்டதுதானே, நாய்க்கு விட்டா என்ன ஆயிடும்?” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

இங்கேதான் ஆபத்து!

ஸ்டீராய்டு

அந்த மாதிரி மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். வெறும் அழற்சி என்றால் அது சிவப்பை நன்றாகவே அடக்கும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் ஆற விடாது. புண் ஆழமாகி, கருவிழியில் ஓட்டை விழவும் கூடும். அப்புறம் அழுது பயன் இல்லை.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புதான்!

2 சோதனை

கால்நடை டாக்டர் முதலில் ஒரு காகிதப் பட்டையை இமைக்குள் செருகி, 1 நிமிடம் வைத்திருப்பார். கண்ணீர் 15 மில்லி மீட்டர் ஊறினால் சரி. 10-க்குக் கீழே போனால் ‘வறண்ட கண்’ நோய் என்று சந்தேகம்.

அடுத்து கண்ணில் புளோரசின் சாயம் விட்டு, நீல வெளிச்சம் அடிப்பார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னும். பச்சை தெரிந்தால் ஸ்டீராய்டு கூடவே கூடாது.

நாய்க்கு முதலில்!

வறண்ட கண்ணுக்குத் தருவது சைக்ளோஸ்போரின். பொதுவாகத் தினமும் 2 வேளை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். “கண்ணு தெளிஞ்சிடுச்சே” என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும். பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடவேண்டும்.

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்த கால்நடைக் கண் டாக்டர் ரெனி காஸ்வான். 1995-ல் நாய்க்கு அனுமதி கிடைத்தது. மனிதனின் வறண்ட கண்ணுக்கு அங்கே அனுமதி வந்தது 2002-ல்தான்! நாயிடம் இருந்துதான் மனிதனுக்கு வந்தது.

கவனம்

மருந்துப் புட்டியின் முனை கண்ணில் படக்கூடாது. 2 மருந்து விடுவதானால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். நாய் கண்ணைப் பிறாண்டாமல் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கண் சிவந்த அன்றே நாயைக் காட்டுங்கள். பாதிப் புட்டி மருந்தை மிச்சம் பிடிக்கப் போய், வாயில்லா ஜீவனின் கண்ணைக் கெடுத்துவிடாதீர்கள்!