வரலாற்றுப் புதினமும் சமகாலப் புதினமும்: ஒரு வாசகப் பார்வை

நுழையும்முன்

‘பொன்னியின் செல்வன்’ படித்த ஒருவரிடம் நந்தினி யார் என்று கேட்டால் விடை உடனே வரும். அவள் நடை, சிரிப்பு, சினம் அனைத்தையும் விரித்துரைப்பார். ஆனால் சோழர் கல்வெட்டுகளிலோ செப்பேடுகளிலோ அப்படி ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு இல்லை. அதே காலத்தில் உண்மையாகவே வாழ்ந்து, தஞ்சையில் தன் தந்தை பெயரால் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கு அறக்கொடை வழங்கிய குந்தவையின் செயல்களைப் பலரும் அறியார். இல்லாதவள் மனத்தில் நிற்கிறாள், இருந்தவள் மங்கிப்போகிறாள். இது எழுத்தாளரின் வெற்றியா, வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பா? வரலாற்றுப் புதினங்களையும் சமகாலப் புதினங்களையும் ஒருங்கே படிக்கும் வாசகர் எவரும் இவ்வினாவை ஒருநாள் எதிர்கொள்வர்.

இரண்டு ஊற்றுகள்

தமிழில் முதலில் தோன்றியது தன் காலத்துச் சமூகத்தைப் பேசிய புதினமே. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. தலைப்பில் ‘சரித்திரம்’ என்னும் சொல் இருந்தாலும் அது வரலாற்றுப் புதினம் அன்று. திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப் பிள்ளை, நாயக்கர் காலத்தைக் களமாகக்கொண்டு எழுதிய ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாகப் போற்றப்படும் அந்நூல் ஈழத்தவர் ஒருவரின் கொடை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எனினும், வரலாற்றுப் புதினம் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தது 1941இல் ‘கல்கி’ இதழ் தொடங்கிய பின்னரே. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ என்று அடுத்தடுத்து வந்த தொடர்கள், பள்ளிப் பாடத்தில் பட்டியலாக இருந்த மன்னர் பெயர்களுக்கு முகம் கொடுத்தன. அகிலன், சாண்டில்யன், ஜெகசிற்பியன் முதலியோர் அவ்வழியைத் தத்தம் போக்கில் விரித்தனர்.

கல்வெட்டு சொல்வதும் கதை சொல்வதும்

‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. புதுவெள்ளம் பெருகும் அந்தக் காட்சியைப் படித்தவர் எவரும் மறப்பதில்லை. அந்த ஏரிக்கு அண்மையில் உள்ள காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசனின் தமையனான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சிலரின் பெயர்களை அது குறிக்கிறது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோர் அவர்கள். அவர்களுடைய உடைமைகளும் அவர்தம் உறவினர் உடைமைகளும் கைப்பற்றப்பட்ட செய்தியை அக்கல்வெட்டால் அறிகிறோம்.

கல்வெட்டு சொல்வது இவ்வளவே. கொலை எங்கே நடந்தது, ஏன் நடந்தது, பின்னால் இருந்து தூண்டியவர் யார் என்பவை அதில் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் புதினம் முளைக்கிறது. கடம்பூர் மாளிகை, இருட்டு, நந்தினியின் வஞ்சினம், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் ஆகிய அனைத்தையும் கல்கி அங்கே நிறுத்துகிறார். ‘பஞ்சவன்’ என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல்லாதலால், இரவிதாசனின் பட்டப்பெயரே சதியைப் பாண்டிய நாட்டோடு இணைக்க ஒரு நூலிழையைத் தந்திருக்கலாம். ஒரு நூலிழையைக்கொண்டு ஒரு பட்டுச்சேலையையே நெய்துவிடும் ஆற்றல் நல்ல புதினக்காரருக்கு உண்டு.

ஆயினும் இங்கே ஒரு மனிதரின் பெயர் அடங்கியிருக்கிறது. கரிகாலன் இறந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே, 985இல் இராசராசன் அரியணை ஏறினான். இடையில் ஆண்டவன் உத்தம சோழன். அவன் காலத்தில் கொலையாளிகள் தண்டிக்கப்படாதது ஏன் என்ற ஐயத்தின்பேரில், கொலையில் அவனுக்கும் பங்கிருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி கருதினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அக்கருத்தை ஏற்கவில்லை. உத்தம சோழனுக்கு வழங்கிய ‘மதுராந்தகன்’ என்னும் பெயரையே இராசராசன் தன் மகனுக்கும் இட்டான். உத்தம சோழனின் மகன் கண்டராதித்தனுக்குத் தன் ஆட்சியில் பொறுப்பும் அளித்தான். தமையனைக் கொன்றவன் என்று நம்பிய ஒருவனிடத்தில் இவ்வளவு இணக்கம் இருந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

கல்கி இச்சிக்கலைத் தமக்கே உரிய முறையில் அவிழ்த்தார். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவன் ஒருவன், உண்மையான உரிமையாளன் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் என்று கதையை மாற்றி, உத்தம சோழனைப் பழியிலிருந்து முற்றிலும் விடுவித்தார். புதினத்தில் அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதைப் படித்த வாசகர், வரலாற்று வகுப்பில் எழுந்து நின்று உத்தம சோழன் பூக்கட்டி வளர்ந்தவன் என்று சொல்ல உரிமை இல்லை. இதற்கு மாறாக, வேறொரு புதினம் அவனைக் கொலைகாரனாகக் காட்டினால், அதையும் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் மானநட்ட வழக்குத் தொடுக்க முடியாது. அவர் சார்பில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் வாசகரே.

‘பொன்னியின் செல்வன்’ குறைகள் அற்ற நூல் என்பதற்கில்லை. வாரந்தோறும் வந்த தொடர் என்பதால், இயல்தோறும் இறுதியில் ஒரு திடுக்கிடல் தேவைப்பட்டது. ஒரு வாரம் காத்திருந்து படித்தோருக்கு அது இன்பம். ஐந்து பாகங்களையும் விடுமுறையில் ஒரே மூச்சில் படிப்பவருக்கோ, வந்தியத்தேவன் மறைந்திருந்து இரகசியங்களைக் கேட்கும் வாய்ப்பு எத்தனைமுறைதான் வாய்க்கும் என்று தோன்றிவிடுகிறது. இதைச் சொல்வதனால் அந்நூலின் பெருமை குறைந்துவிடாது.

அரண்மனைக்கு வெளியே

வரலாற்றுப் புதினங்களின் மீது சொல்லப்படும் வலுவான குறை வேறொன்று. அவை பெரும்பாலும் மாளிகைக்குள்ளேயே சுற்றிவருகின்றன. வீரநாராயண ஏரியின் கரையில் குதிரையேறி வரும் வீரனைக் காண்கிறோம். அந்த ஏரியை வெட்டியவர்களைக் காண்பதில்லை. சான்று இல்லாமையால் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அவரவர் பெயர், வந்த ஊர், குடியிருந்த வீட்டு வரிசை ஆகியவற்றோடு குறித்துள்ளன. தையற்காரர், நாவிதர், கணக்கர், தச்சர் ஆகியோருக்கு அளக்கப்பட்ட நெல்லும் அங்கே எழுதப்பட்டுள்ளது. பாலகுமாரனின் ‘உடையார்’ கோயில் எழுந்த கதையின் பக்கம் திரும்பியது. எனினும் அந்த நானூறு பெயர்களுள் ஒவ்வொன்றும் எழுதப்படாத ஒரு புதினமே.

இவ்விடத்தில்தான் சமகாலப் புதினம் வாசகரைக் கைப்பிடித்து வேறு தெருவுக்கு அழைத்துச் செல்கிறது. சோழர் அரண்மனையில் அடுத்து என்ன நடக்குமோ என்று தமிழகம் காத்திருந்த அதே காலத்தில், 1953இல், தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்தது. நூல் கிடைக்காமல் தறி நின்று, அடுப்பும் நின்ற நெசவாளர் வாழ்க்கை அதன் பொருள். இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், ஒரே தமிழ்நாட்டின் இரு வேறு விழைவுகளைக் காண்பார். ஒன்று, அடிமைத்தளை நீங்கிய மக்கள் தங்கள் பழம்பெருமையைத் தேடிக்கொண்டது. மற்றொன்று, விடுதலை வந்த பின்னும் வயிறு நிறையாதது ஏன் என்று கேட்டது.

இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இத்தகைய புதினங்களுள் தனியிடம் பெறுவது. ஆசிரியர் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று, அங்கு உழைப்போருடன் பழகி அதனை எழுதினார். வெயிலில் மின்னும் உப்பின் வெண்மை கண்ணைக் கெடுப்பதும், உப்புநீர் காலைப் புண்ணாக்குவதும், சுற்றிலும் நீர் இருக்கக் குடிநீருக்கு ஏங்குவதும் செய்தித்தாளில் ஒரு வரியாக வந்துபோகக்கூடியவை. புதினத்தில் அவை ஒரு குடும்பத்தின் நாள்தோறுமான துன்பமாக மாறுகின்றன. சோற்றில் உப்புப் போதவில்லை என்று குறைசொல்லும் கை, அந்நூலைப் படித்தபின் சற்றே தயங்கும்.

செவிக்குப் பழகும் மொழி

வரலாற்றுப் புதினத்தில் அரசனும் ஒற்றனும் ஓடக்காரப் பெண்ணும் ஏறக்குறைய ஒரே செந்தமிழில் உரையாடுவர். படிப்பதற்கு அது எளிது. பத்தாம் நூற்றாண்டில் ஓடக்காரி அவ்வாறு பேசியிருக்கமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சமகாலப் புதினம் இந்த வசதியைத் தருவதில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சிலும், கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ கரிசல் வழக்கிலும், ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நெய்தல் நில மொழியிலும் நடக்கின்றன. வேற்றூர் வாசகர் முதல் முப்பது பக்கங்களில் இடறுவார். பொறுத்துக்கொண்டு மேலே சென்றால், சொற்கள் தாமாகவே பொருள் தரத் தொடங்கும். புது ஊரில் குடியேறியவருக்குச் சில நாளில் அவ்வூர்ப் பேச்சு பிடிபடுவதுபோல்தான் இதுவும். முப்பதாம் பக்கத்திற்கு முன்பே நூலை மூடிவிடுவோர் இழப்பது மிகுதி.

நேற்று வரலாறாகும்போது

இருவகைப் புதினங்களுக்கும் இடையே இடப்படும் கோடு அவ்வளவு உறுதியானது அன்று. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. 1948இல் ஐதராபாத் அரசு இந்தியாவுடன் இணைந்த நாள்களில், செகந்திராபாதில் வாழும் ஓர் இளைஞனின் கதை அது. கிரிக்கெட், கல்லூரி, தண்ணீர், பக்கத்து வீட்டார் என்று அவன் உலகம் சிறியது. நிசாம் எங்கோ இருக்கிறார். வரலாறு அவன் தெருவுக்கு வதந்தியாகவும் ஊரடங்காகவும் வந்துசேர்கிறது. ஆசிரியர் வளர்ந்த ஊரும் அதுவே. இதை வரலாற்றுப் புதினம் என்பதா, சமகாலப் புதினம் என்பதா? வால்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட ‘வேவர்லி’யின் தலைப்பிலேயே அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று குறித்திருந்தார். அந்த அளவுகோலின்படி ‘18வது அட்சக்கோடு’ பாதித் தொலைவில் நிற்கிறது.

கல்கியின் ‘அலை ஓசை’யும் இவ்வகையில் எண்ணத்தக்கது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்னும் நான்கு பாகங்களைக் கொண்ட அப்புதினம் 1948–49இல் தொடராக வந்தது. ஆசிரியர் மறைவுக்குப்பின் 1956இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. வரலாற்றுப் புதினங்களால் புகழ்பெற்றவர் அதில் எழுதியது அவருடைய காலத்தையே. விடுதலைப் போராட்டமும் நாட்டுப் பிரிவினையும் கதைமாந்தரின் வாழ்வைப் புரட்டிப்போடுகின்றன. அன்று தொடராகப் படித்தவர்களுக்குப் பிரிவினை, முந்தைய ஆண்டு நாளிதழில் கண்ட செய்தி. அகதிகளாக வந்தவர்கள் இன்னும் முகாம்களில் இருந்தனர். இன்று நூலகத்தில் அந்நூலை எடுக்கும் பதினோராம் வகுப்பு மாணவருக்கு அது பாட்டனாரும் சிறுவராய் இருந்த காலத்துச் செய்தி. சில இயல்களை அவர் வரலாற்றுப் பாடநூலைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.