சுவர்ப் பெட்டிக்குள் எர்த் கம்பி

சிவனசமுத்திரத்தில் வீழும் காவிரியின் மின்விசை 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தோருள் தமிழர் பலர். 1905இல் அதே மின்விசை பெங்களூரின் தெருக்களில் விளக்கேற்றியது. இந்நகரில் வாடகைக்கு வீடு தேடும் நாம், தண்ணீர் வருமா, வெளிச்சம் உண்டா என்றெல்லாம் வினவுகிறோம்; ‘எர்த்’ சரியாக இருக்கிறதா என்று வினவுவோர் மிகச் சிலரே.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. அது பேஸ் கம்பி வழியே வந்து நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. மூன்றாவதாகிய எர்த் கம்பிக்குச் சாதாரணமாக வேலையே இல்லை. ஆனால், கீசரின் உட்பகுதி பழுதுற்று அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போது, அதனை நிலத்திற்குக் கொண்டு செல்வது இக்கம்பியே. அவ்வழி செம்மையாக இருப்பின் மின்னோட்டம் பெருகி ஃபியூஸ் உருகும். அவ்வழி அறுந்திருப்பின், ஈரக் கையால் தொடுபவரின் உடலே வழியாகிவிடும்.

பேஸ் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்து நமக்கு அறிவிக்கும். எர்த் கம்பி அறுந்தாலோ ஒன்றும் தெரியாது. விளக்கும் எரியும், கீசரும் கொதிக்கும். அக்கம்பி பெரும்பாலும் விட்டுப்போவது சுவர்ப் பெட்டிக்குள் உள்ள இணைப்பில்தான். ஆகவே, அவ்விணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

பல வீடுகளில் ஒரு சாக்கெட்டின் திருகாணியில் வந்து சேரும் கம்பியையே அடுத்த சாக்கெட்டிற்கும் நீட்டிவிடுவர். அத்திருகாணி தளர்ந்தாலும், பழுது பார்க்க அந்தச் சாக்கெட்டைக் கழற்றினாலும், அதற்கு அப்பாலுள்ளவை அனைத்தும் காவலின்றி நிற்கும். இதனினும் சிறந்த முறை ஒன்று உண்டு. பெட்டிக்குள் வரும் எர்த் கம்பிகள் யாவற்றையும் ஒரே இடத்தில் இணைத்து, அங்கிருந்து சாக்கெட்டுக்கு ஒன்றும், பெட்டி உலோகமாயின் அதற்கு ஒன்றுமாகக் கிளைக் கம்பிகள் எடுக்க வேண்டும். அப்போது எந்தச் சாக்கெட்டைக் கழற்றினாலும் தொடர் அறுவதில்லை.

இணைக்கும் வகைகள் சில. செம்புக் குழாயில் கம்பிகளைச் செருகி அதற்குரிய கருவியால் நசுக்குவது ஒன்று. பித்தளைத் திருகாணி கொண்ட கனெக்டரிலோ, வில்லமைப்புள்ள கனெக்டரிலோ பொருத்துவது மற்றொன்று. குறடு கொண்டு முறுக்கி டேப் சுற்றிவிடுவது போதாது. டேப் மூடுமேயன்றிப் பிடிக்காது. எம்முறையாயினும் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேரே முறுக்கலாகாது. ஈரம் பட்டால் இணைப்பு அரித்துப்போகும்.

எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் முனையுடன் சேர்த்துவிடும் வழக்கம் பெருங்கேடு விளைப்பது. அந்த நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்னேறும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனை நீண்டிருப்பது, அது முதலில் தொட்டு இறுதியில் விலக வேண்டும் என்பதற்காகவே, அதனை வெட்டலாகாது.

பெட்டியில் இணைப்பு நன்றாயினும், அது சென்று முடியும் எர்த் குழி காய்ந்திருந்தால் பயன் குறையும். கோடையில் அதில் நீர் ஊற்றுதல் வேண்டும். நில இணைப்பிற்கான இந்திய தர விதிகள் 1966இலேயே வெளிவந்துள்ளன. இன்று 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கிடைக்கிறது. அது எர்த்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

இவ்வேலையை உரிமம் பெற்ற பணியாளரே, மெயினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். கன்னடம் பேசும் பணியாளருக்கும் ‘எர்த்’ என்ற சொல் விளங்கும். புதுவீடு புகும் நாளில் குளியலறை சாக்கெட்டை அவரைக் கொண்டு திறக்கச் செய்து, எர்த் கம்பி எங்கே சேர்கிறது என்று நாம் கேட்போமாக. பால் காய்ச்சுவதற்கு முன் ஆக வேண்டிய வேலை இது.