விலை தெரிகிறது, விற்க முடிகிறதா?

1990-களின் கடைசியில் வட கேரளக் கடலோரத்துக்கு செல்போன் வந்தது. மத்தி பிடித்துத் திரும்பும் மீனவர்கள் நடுக்கடலிலிருந்தே ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்து, விலை கூடுதலாக உள்ள துறைக்குப் படகைத் திருப்பினார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் இதை ஆராய்ந்து 2007-ல் எழுதினார். மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. வாங்க ஆளில்லாமல் மீன் வீணாவதும் நின்றது.

நம் விவசாயிகள் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, வானிலை, உர இருப்பு எல்லாம் உண்டு. 2019-ல் வந்த மத்திய அரசின் மேகதூத் செயலி, செவ்வாய், வெள்ளிதோறும் மாவட்டவாரியாகப் பயிர் ஆலோசனை தருகிறது.

வானிலைத் தகவலின் பலன் கண்கூடு. நெல்லுக்கு மேலுரமாக யூரியா போட்ட அன்றே கனமழை கொட்டினால், உரம் வயலில் தங்காமல் வாய்க்காலோடு போய்விடும். மருந்து அடித்த கையோடு மழை பெய்தால், மருந்துச் செலவும் ஆள் கூலியும் தண்டம். சம்பா அறுவடை நேரத்து மழை இன்னும் கொடுமை. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்பார்கள். மழை வருவது இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் உரத்தைத் தள்ளிப்போடலாம், அறுப்பு மெஷினை முந்திக் கூப்பிடலாம். முடிவெடுப்பது விவசாயி கையில்.

விலைத் தகவலில் அது நடப்பதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் 14 கிலோ தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று தோட்டத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் நாற்றுக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர், வேறு ஊரில் விலை கூடுதல் என்று தெரிந்தாலும் கடன்பட்ட மண்டியில்தான் பெட்டியை இறக்கியாக வேண்டும். பழுத்த தக்காளியோ காத்திருக்காது. மத்திப் படகு திரும்பியதைப் போல தக்காளி டெம்போ திரும்ப முடியாததற்கு, என் கணிப்பில், இந்த முன்பணம்தான் முதல் காரணம்.

அடுத்த செயலியை வெளியிடுவதற்கு முன், காய்கறி விவசாயிக்குக் கூட்டுறவுக் கடன் நடவுக்கு முன்பே கைக்கு வர அரசு வழி செய்யட்டும். விளைகிற பகுதியிலேயே குளிர்பதனக் கிடங்குகளும் வரட்டும்.

இதற்கிடையே, செயலிகளைப் பார்க்க ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் விவசாய ஆலோசனைக்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும்.