அமெரிக்காவில் மட்டும் விவாகரத்து

இத்தாலியில் 1940இல் ஒரு காதல் நகைச்சுவைப் படம் வந்தது. தலைப்பு, 'டோப்போ திவோர்சியெரேமோ'. 'அப்புறம் விவாகரத்து செய்துகொள்வோம்' என்று பொருள். இயக்கம் நுன்சியோ மலசோம்மா. நாயகன், அன்றைய உச்ச நட்சத்திரம் அமெதியோ நட்சாரி. தலைப்பிலேயே விஷமம் இருந்தது. அப்போதைய இத்தாலியச் சட்டத்தில் விவாகரத்துக்கு இடமே கிடையாது.

முசோலினியின் ஆட்சியில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? 1934இல் லூயிஜி ஃப்ரெட்டி பொறுப்பேற்ற திரைப்படத் துறை, படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையை வாங்கிப் படித்துவிடும். தயாரிப்பாளர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: வில்லங்கமான கதையா, வெளிநாட்டுக்கு அனுப்பிவிடு. மலசோம்மாவின் படம் நியூயார்க்கில் நடக்கிறது. வேறு பல படங்களுக்கு புடாபெஸ்ட் கைகொடுத்தது. பாத்திரங்கள் அந்நியர்கள், பேசுவது மட்டும் சுத்த இத்தாலியன். பணக்கார வீடுகளின் பளபளப்பைக் காட்டிய இவ்வகைப் படங்களுக்கு 'வெள்ளை டெலிபோன் படங்கள்' என்றே பெயர். ரசிகர்களுக்குச் சிரிப்பு, 'இதெல்லாம் நம் நாட்டில் நடக்காது' என்று அரசுக்குத் திருப்தி.

திரையில் செய்த தந்திரத்தை நிஜ வாழ்க்கையிலும் செய்ய நேர்ந்தவர் விட்டோரியோ டி சிகா. 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) எடுத்து உலகப் புகழ் பெறும் முன், காதல் நகைச்சுவைப் படங்களின் செல்ல நாயகன் அவர். நடிகை ஜுதித்தா ரிஸ்ஸோனேயை 1937இல் மணந்தவர், பிறகு மரியா மெர்காதெரைக் காதலித்தார். விவாகரத்து கிடைக்காததால் இரண்டு குடும்பங்கள். புத்தாண்டு இரவில் ஒரு வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, இரண்டு வீட்டிலும் பன்னிரண்டு மணிக்கு வாழ்த்துச் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. கடைசியில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, 1968இல் பாரிஸில்தான் மெர்காதெரைச் சட்டப்படி கைப்பிடித்தார்.

முசோலினி 1943இலேயே வீழ்ந்துவிட்டார். ஆனால் சட்டம் அசையவில்லை. பியெத்ரோ ஜெர்மி 1961இல் 'டைவர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' எடுத்தபோது கதைக்களம் சிசிலி, புடாபெஸ்ட் தேவைப்படவில்லை. மனைவியை விலக்க முடியாத கணவன், மானம் காக்கச் செய்த கொலைக்குத் தண்டனை குறைவு என்று கணக்குப் போட்டு அவளைத் தீர்த்துக்கட்டத் திட்டமிடுகிறான். அரங்கம் சிரித்தது. சிரிப்புக்கு ஆதாரமான அந்தச் சட்டப்பிரிவு நிஜமானது, 1981இல்தான் நீங்கியது.

விவாகரத்துச் சட்டம் 1970 டிசம்பரில் நிறைவேறியது. அதை ரத்து செய்யக் கோரி 1974 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 59 சதவீதத்தினர் 'கூடாது' என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் டி சிகா காலமானார், பிரான்சில்.