முகமூடியும் தண்டனையும்: லெலூச் என்னும் எதிர்நாயகனின் அறம் பற்றிய ஓர் அரசியல் மெய்யியல் நோக்கு

2008 செப்ரெம்பர் 28 ஆம் நாள் யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஓர் இறுதி அங்கத்திலே, உலகம் முழுவதையும் தன் ஆணைக்குக் கீழ்ப்படுத்திய இளம் பேரரசன் ஒருவன், தன் வெற்றி ஊர்வலத்தின் நடுவே முகமூடியணிந்த ஒருவனால் வாளாற் குத்தப்பட்டு இறக்கின்றான். மரணதண்டனைக்கென இழுத்துவரப்பட்ட கைதிகள் விடுவிக்கப்படுகின்றனர். கொடுங்கோலன் ஒழிந்தான் என வீதியோரத்து மக்கள் ஆரவாரிக்கின்றனர். அக்கொலையைத் திட்டமிட்டவன் கொலையுண்ட பேரரசனே என்பதை அறிந்தோர் அக்கூட்டத்தில் மிகச் சிலரே. 'கோட் கியாஸ்: கலகக்கார லெலூச்' என்னும் அனிமே தொடர் இவ்வாறு முடிவுறுகின்றது.

சன்றைஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக, கொரோ தனிகுச்சியின் நெறியாள்கையில், 2006 இலும் 2008 இலும் தொடங்கிய இரு பருவங்களில் 50 அங்கங்களாக இத்தொடர் வெளிவந்தது. இரசிகர்களிடையே லெலூச் ஏறத்தாழ ஒரு தியாகியின் நிலையை எய்தியுள்ளான். அவன் பெருந்தொகையானோரைப் பலிகொண்டான். ஆயினும் உலகின் வெறுப்பனைத்தையும் தன்மீது ஏற்று, தன் உயிரை விலையாகக் கொடுத்து அமைதியைப் பெற்றுத்தந்தான். ஆகவே கணக்குத் தீர்ந்தது என்பது அவர்தம் வாதம். கணக்கு உண்மையிலேயே தீர்ந்ததா என்பதே எமது வினா. கொலைக்குரிய கணக்கு ஒருவாறு தீர்ந்ததெனக் கொண்டாலும், எம்மக்களின் பெயரால் அவன் போராடினானோ அம்மக்களுக்குக் கூறிய பொய்யின் கணக்குத் தீரவில்லை என்பதும், அவன் தெரிந்துகொண்ட தண்டனையின் வடிவமே அது தீராமைக்குக் காரணம் என்பதும் எமது கருத்தாகும்.

கதையுலகினை முதலிற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். வட அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட புனித பிரித்தானியப் பேரரசு உலகின் பெரும்பகுதியைக் கைப்பற்றியுள்ளது. கதைக்கெனப் புனையப்பட்ட நாட்காட்டியின் 2010 ஆம் ஆண்டில் யப்பான் வீழ்கின்றது. நாட்டின் பெயர் நீக்கப்பட்டு அது 'பிரதேசம் 11' ஆகின்றது. மக்கள் 'பதினொன்றுகள்' என அழைக்கப்படுகின்றனர். அடிபணிந்து விண்ணப்பிப்போருக்குக் 'கௌரவப் பிரித்தானியர்' என்னும் தகுதி உண்டு. ஏனையோர் இடிபாடுகளுக்கிடையே சேரிகளில் வாழ்கின்றனர். இழந்த நாட்களின் இனிய நினைவுகளை மீள வாழச்செய்யும் போதைப்பொருள் ஒன்று அவர்களிடையே பரவுகின்றது. பிரான்ஸ் பனோன் 1961 இல் வெளிவந்த தமது நூலிலே, குடியேற்ற உலகினை இரண்டாகப் பிளவுண்ட நகரமாக வருணித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒளியும் அகன்ற வீதிகளும் ஒருபுறம், நெரிசலும் பசியும் மறுபுறம் என்ற அப்பிளவினை இத்தொடர் ஓரளவு நேர்மையுடனேயே சித்திரிக்கின்றது.

இந்நேர்மைக்கும் எல்லையுண்டு. பெயரை அழித்து ஆளும் குடியேற்ற ஆட்சி யப்பானிய வரலாற்றுக்குப் புதியதன்று. 1910 இல் கொரியாவைத் தன்னோடு இணைத்த யப்பான், 1940 முதல் கொரிய மக்களை யப்பானிய முறையிலான குடும்பப் பெயர்களைச் சூடவைத்தது. ஆதிக்கம் செலுத்திய நாடு இக்கதையில் ஆதிக்கத்துக்கு உட்பட்ட நாடாக இடம்மாறுகின்றது. கொரியா பற்றிய நினைவு கதையின் மையத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஆசிரியர்களின் நோக்கத்தை ஆராய்வது எமது வேலையன்று. ஆயினும் அநீதியை இழைத்தவன் இருந்த இடத்திலிருந்து அதனைக் காணும் வாய்ப்பினை இத்தொடர் தன் முதற் பார்வையாளருக்கு வழங்கவில்லை என்பதைக் கூறாது விடலாகாது. பேரரசுக்கு எதிரான இக்கலகக் கதையின் ஆதரவாளர்களுள் அமெரிக்கப் பீற்சா நிறுவனம் ஒன்று இருந்தமையும், அதன் பெட்டிகள் காட்சிக்குக் காட்சி தலைகாட்டியமையும் வேறொரு கட்டுரைக்கு உரியவை.

லெலூச் அப்பேரரசின் இளவரசன். தாய் கொல்லப்பட்ட பின்னர், பார்வையும் நடையும் இழந்த தங்கை நனலியுடன் யப்பானுக்குப் பணயமாக அனுப்பப்பட்டவன். பெயரை மாற்றி மாணவனாக மறைந்து வாழ்கையில் 'கியாஸ்' என்னும் ஆற்றல் அவனுக்குக் கிடைக்கின்றது. கண்ணோடு கண் நோக்கி ஒருவருக்கு ஒரேயொருமுறை அவன் இடும் ஆணையை அவரால் மீறவியலாது. இதனைத் துணைக்கொண்டு 'ஸீரோ' என்னும் முகமூடித் தலைவனாகி, 'கறுப்பு வீரர்' என்ற படையை அமைத்து, ஆயுதமற்றோரின் பக்கம் நிற்பதாக அறிவிக்கின்றான்.

இந்த ஆற்றலின் தன்மை உற்றுநோக்கற்பாலது. துப்பாக்கி ஒருவனது உடலை அச்சுறுத்துகின்றது. அவன் மறுத்து இறக்கலாம். கியாஸ் மறுக்கும் இடத்தையே அழித்துவிடுகின்றது. குடியேற்ற ஆட்சியின் அடிப்படைக் குற்றம் ஒரு மக்கட்கூட்டத்தின் சித்தத்தை இல்லாததாகக் கருதுவதெனின், அவ்வாட்சியை எதிர்ப்பவன் கையிலுள்ள கருவியும் அதே குற்றத்தைச் செய்கின்றது. தொடரின் ஆசிரியர்கள் இம்முரணை அறிந்தே படைத்துள்ளனர் எனலாம். அவர்களது கற்பனையின் சிறப்பும் இதுவே.

அரசியலில் கறைபடியாத கை உண்டா என்னும் வினா பழையது. மாக்கியவெல்லி அதற்குக் கூறிய விடை யாவரும் அறிந்தது. 1919 இல் மியூனிச் நகரில் ஆற்றிய உரையிலே மக்ஸ் வேபர், தூய நோக்கினை மட்டும் காக்கும் அறத்தையும், செயலின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்கும் அறத்தையும் வேறுபடுத்தினார். இவ்விவாதத்தை 1973 இல் மீள எடுத்த அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வோல்சர், கறைபடிந்தவனை நோக்கும் மூன்று முறைகளைக் குறிப்பிடுகின்றார். மாக்கியவெல்லியின் மனிதனுக்கு வெற்றியே போதும். அவன் அகத்தே என்ன நிகழ்கின்றது என நாம் அறியோம். வேபரின் மனிதன் தன்னுள்ளே துன்புறுகின்றான். அத்துன்பம் அவனோடு நின்றுவிடுகின்றது. மூன்றாமவன் அல்பேர் கமூவின் நாடகத்தில் வருபவன்.

அந்நாடகம் 1949 இல் பாரிசில் மேடையேறியது. அதன் மூலம் வரலாற்று நிகழ்ச்சியாகும். 1905 இல் மொஸ்கோவில் இளவரசர் செர்கேயைக் கொல்லப் புறப்பட்ட கலியாயெவ் என்னும் புரட்சியாளன், வண்டியினுள்ளே சிறுவர் இருக்கக் கண்டு குண்டை எறியாது திரும்பினான். இரு நாட்களின் பின்னர் எறிந்தான், பிடிபட்டான், மன்னிப்புக் கோர மறுத்துத் தூக்கிலிடப்பட்டான். கொன்றவன் தன் உயிரையும் கொடுத்தல் வேண்டும் என்ற இவ்வெண்ணமே லெலூச்சினதும் எண்ணம். சுடத் துணிபவன் சுடப்படவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டுமென அவன் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றான். ஆகவே அவனைக் கலியாயெவின் வழித்தோன்றலாகக் காண்பது இயல்பே.

ஆயினும் இருவருக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. கலியாயெவ் வெளிப்படையான குற்றத்துக்காகத் தன் சொந்த முகத்துடன் தண்டிக்கப்பட்டான். அவன் செய்தது என்ன, ஏன் செய்தான் என்பதைக் கொல்லப்பட்டவரின் உறவினரும் உலகமும் அறிந்திருந்தன. லெலூச்சின் வழக்கிலோ குற்றவாளியும் நீதிபதியும் தண்டனையைத் திட்டமிட்டவனும் ஒருவனே. ஸீரோவின் முகமூடியினுள்ளே நின்று வாளை ஏந்தியவன் அவன் நண்பனான சுசாக்கு. கொடுங்கோலன் இறந்ததற்காக மக்கள் மகிழ்கின்றனர். அக்கொடுங்கோன்மையோ அவர்களுக்கென நடிக்கப்பட்டது. அவன் உண்மையிற் செய்த குற்றங்கள் அவ்வீதியில் விசாரிக்கப்படவேயில்லை. குற்றத்துக்குரிய விலையைச் சமூகமே அறவிடுதல் வேண்டும் என்பதே வோல்சரின் கவலை. இங்கு சமூகம் விலையை அறவிடவில்லை. விலை செலுத்தப்படும் காட்சியைக் கண்டு கைதட்டியது.

அக்குற்றங்களுள் ஒன்றை மட்டும் இங்கு விரிவாக நோக்குவோம். பேரரசின் இளவரசி யூபீமியா, யப்பானியர் தம் பெயருடன் சமத்துவமாக வாழத்தக்க சிறப்பு நிர்வாகப் பிரதேசம் ஒன்றை அறிவிக்கின்றாள். அதனைத் தந்திரமெனக் கருதிச் சிதைக்கச் சென்ற லெலூச், அவளுடன் தனியே பேசியபின் இணங்கிவிடுகின்றான். அவ்வேளை தன் ஆற்றலை விளக்கும் வேடிக்கைப் பேச்சாக, யப்பானியரைக் கொல் என ஆணையிட்டாலும் நீ கீழ்ப்படிய நேரும் என்னும் கருத்துப்படக் கூறுகின்றான். அக்கணத்திலேயே கியாஸ் அவன் கட்டுப்பாட்டை மீறியிருந்தது. சொல் ஆணையாகின்றது. அவளை நம்பித் திரண்டிருந்த மக்களை நோக்கி அவளே முதலிற் சுடுகின்றாள், படையினருக்கும் கட்டளையிடுகின்றாள்.

இது விபத்தென்று கூறி லெலூச்சை விடுவிப்போர் உளர். ஓர் எல்லைவரை அது பொருந்தும். ஆனால் விபத்துக்குப் பின்னர் அவன் செய்தது விபத்தன்று. யூபீமியாவைச் சுட்டுக்கொன்றபின் எஞ்சிய மக்கள்முன் தோன்றி, அவள் அவர்களை ஏமாற்றினாள் என அறிவித்து, அக்கோபத்தைக் கிளர்ச்சியாக மாற்றுகின்றான். பலியானோரின் பிணங்கள் அரசியல் முதலீடாகின்றன. குற்றமற்ற ஒருத்தி கொலைகாரியென்னும் பெயரைச் சுமக்கின்றாள். உண்மையை அன்று கூறியிருந்தால் கிளர்ச்சி கலைந்திருக்கலாம். கூறியிருத்தல் வேண்டுமா? விடுதலை இயக்கமொன்றின் தலைமை தன் மக்களிடம் எதனை மறைக்கலாம் என்னும் வினா இவ்விடத்தில் தன் முழுக் கடுமையுடனும் எழுகின்றது.

இம்மானுவேல் காண்ற் 1795 இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய கட்டுரையில் இதற்கோர் அளவுகோலைத் தருகின்றார். பிறரின் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நெறி, வெளிப்படக் கூறியதும் தோல்வியுறுமாயின் அது நீதியற்றதாகும். ஒற்றும் மறைவும் இன்றி எந்தப் போராட்டமும் நடைபெறாது என எதிர்வாதம் செய்யலாம். பகைவனிடம் மறைப்பதற்கு அது பொருந்தும். லெலூச் மறைப்பதோ தன் பக்கத்தாரிடம். தானே கியாஸுக்கு உட்பட்டுள்ளோமா என்பதைக்கூட அவனது போராளி ஒருவனால் அறியமுடியாது. நம்பிக்கை என்னும் சொல் அந்நிலையிற் பொருளிழக்கின்றது.

கறுப்பு வீரர் இதனை உணர்ந்ததும் அவனைக் கைவிடுகின்றனர். பேரரசின் இரண்டாம் இளவரசன் ஷ்னைசல் ஸீரோவின் இரகசியத்தை அவர்களுக்கு வெளிப்படுத்துகின்றான். அவனை ஒப்படைப்பதற்கு விலையாக யப்பானைத் திருப்பித் தருமாறு கேட்கின்றார் ஓகி. இக்காட்சிக்காக ஓகியை வெறுக்காத இரசிகர் அரிது. பேரம் இழிவானதே, விசாரணையின்றிச் சுட முற்பட்டமையும் இழிவானதே. ஆயினும் எம் தலைவன் எங்களை என்ன செய்தான் என்ற கேள்வி இழிவானதன்று. தொடர் முழுவதிலும் யப்பானியர் தாமாக, தமக்காக எழுப்பிய கேள்வி அதுவொன்றே எனலாம். உழைக்கும் வர்க்கத்தின் விடுதலை அவ்வர்க்கத்தாலேயே வென்றெடுக்கப்படுதல் வேண்டும் என 1864 இல் முதலாம் அகிலத்துக்கு விதி வகுத்த மார்க்ஸ், மீட்பர்கள்மீது கொண்ட ஐயம் இத்தகைய சூழல்களில் வைத்தே விளங்கிக்கொள்ளப்பட வேண்டியது.

இறுதிப் பகுதியில் மூன்று அரசியல் ஏற்பாடுகள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. பேரரசன் சார்ல்ஸ் மனித உள்ளங்கள் யாவற்றையும் ஒன்றாக்கிப் பொய்யற்ற உலகை ஆக்க விழைகின்றான். ஷ்னைசல், வானிலே மிதக்கும் கோட்டையிலிருந்து பேரழிவுக் குண்டுகளை நாடுகளின்மீது நீட்டி, அச்சத்தால் அமைதியை நிலைநாட்ட முனைகின்றான். 1651 இல் ஹொப்ஸ் தீட்டிய இறைமையாளனிடமிருந்து உடன்பாட்டினை நீக்கிவிட்டு அச்சத்தை மட்டும் எஞ்சவிட்டாற் கிடைக்கும் வடிவம் இது. இவ்விரண்டையும் லெலூச் மறுக்கின்றான். முன்னது நேற்றிலும் பின்னது இன்றிலும் காலத்தை நிறுத்திவிடும். தனக்கு வேண்டியது நாளை என்கின்றான். மறுப்பு நியாயமானது. ஆனால் அவன் தரும் நாளையின் அத்திவாரம் யாது?

அரசவையினரைக் கியாஸினால் இணங்கவைத்து அரியணையேறிய அவன், பிரபுத்துவத்தை ஒழித்து, எண்களால் அழைக்கப்பட்ட மக்களுக்கு விடுதலை வழங்குகின்றான். இவை முற்போக்கான ஆணைகளே, எனினும் ஆணைகள். தொடர்ந்து உலகின் பொதுப்பகைவனாக வேடமிட்டு மடிகின்றான். பிளேட்டோவின் 'குடியரசு' நூலிற் கூறப்படும் உயர்ந்த பொய்யின் நவீன வடிவமாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். பிளேட்டோவாவது அப்பொய்யை ஆள்வோரும் நம்பினால் நன்று என விரும்பினார். இங்கு ஆள்வோர் சிலர் அறிந்திருக்க, மக்கள் மட்டுமே நம்புகின்றனர்.

2019 இல் வெளிவந்த திரைப்படம் சற்றே மாற்றப்பட்ட கதைத்தொடர்ச்சியில் லெலூச்சை உயிருடன் மீட்டுவந்தது. தியாகத்தின் விலையைச் சந்தை அதிகம் மதிப்பதில்லை. எமது ஆய்வுக்கு 2008 இன் முடிவே அடிப்படை. அதன் இரு காட்சிகள் ஏனையவற்றைவிடக் கூடுதலாக உண்மை பேசுகின்றன.

ஒன்று ஷ்னைசல் பற்றியது. தோற்கடிக்கப்பட்ட அவனுக்கு லெலூச் இட்ட ஆணை, ஸீரோவுக்குப் பணிசெய் என்பதாகும். புதிய உலகு பிறந்த பின்னரும் அவ்வாணை நீங்கவில்லை. விடுதலை பெற்ற அவ்வுலகிலே முகமூடிக்குள் தன் பெயரை இழந்து வாழும் ஒருவனும், அவனுக்கு மறுப்பின்றிப் பணிபுரியும் சித்தமற்ற இராசதந்திரி ஒருவனும் எஞ்சியுள்ளனர்.

மற்றையது ஊர்வலத்தில் நிகழ்வது. குத்துண்டு சரிந்த லெலூச், கைதியாகக் கட்டுண்டிருந்த நனலியின் அருகே வந்து விழுகின்றான். அவன் கையைத் தொட்ட மாத்திரத்தில் அவளுக்கு யாவும் விளங்கிவிடுகின்றது. அவள் கதறுகின்றாள். கூட்டம் ஸீரோவின் பெயரை உரக்க முழங்கிக்கொண்டிருப்பதால் அவள் என்ன கூறுகின்றாள் என்பது எவருக்கும் கேட்கவில்லை.